பிரிந்த பெற்றோருக்கு நடுவில் நிற்பவர் செய்ய வேண்டியவை

கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கியதும், இரு வீட்டாரும் நம்பும் ஒருவரிடம் "நீங்களாவது ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்" என்ற வேண்டுகோள் வந்து சேர்கிறது. அவர் தாய்மாமனாகவோ பெரியப்பாவாகவோ அத்தையாகவோ இருக்கலாம். இருவருக்கும் பொதுவான நண்பராகவோ, குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியராகவோ இருக்கலாம். இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவர்களுக்காக எழுதப்படுகிறது. பெரும்பாலான குடும்பங்களில் வழக்கறிஞருக்கும் நீதிமன்ற ஆலோசகருக்கும் முன்பாகவே இவர்கள்தான் பேச அழைக்கப்படுகிறார்கள். இவர்கள் பொறுமையாகச் செயல்பட்டால், குழந்தை பல ஆண்டுகள் வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்க வேண்டிய நிலை வராமல் தடுக்க முடியும். அவசரப்பட்டால், ஒரு மாலை நேரப் பேச்சே அடுத்த வழக்குக்குக் காரணமாகிவிடும்.

முதலில், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை எது என்று அவர் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் பேச்சுவார்த்தை என்றாலே இருவரையும் சேர்த்து வைப்பது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். சேர்ந்து வாழும் வாய்ப்பு உண்மையிலேயே இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு நாள் அமர்ந்து பேசலாம். ஆனால் "பிள்ளைக்காகவாவது சேர்ந்துவிடுங்கள்" என்று தொடங்கும் பேச்சில், பிரிவதென்று முடிவெடுத்தவர் தம் காரணங்களை எல்லாம் எடுத்து வைக்க வேண்டியதாகிறது. மற்றவர் ஒவ்வொன்றையும் மறுக்க வேண்டியதாகிறது. அரை மணி நேரத்தில் நிச்சயதார்த்தத்திலிருந்து நடந்த அத்தனையும் கூடத்துக்கு வந்துவிடுகிறது. குழந்தை வரும் சனிக்கிழமை யாருடன் இருக்கும், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார் என்ற கேள்விகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. ஆகவே திருமணம் என்னவாகும் என்ற பெரிய கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, இவ்விருவரும் ஒரு குழந்தைக்குப் பெற்றோராக எப்படி ஒத்துப்போவது என்ற ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் பிரிவது குழந்தைக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் இருவரின் அன்பும் தொடர்ந்து கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் அந்த வலியிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். பிரிந்த பிறகும் அவர்கள் கண்முன்னே, அவர்கள் பெயராலேயே ஓயாமல் நடக்கும் சண்டைதான் அவர்களை ஆழமாகக் காயப்படுத்துகிறது. குழந்தைகளின் மனநலம் குறித்து ஆராய்ந்தவர்கள் பல நாடுகளிலும் கண்டது இதுவே. எனவே பிரிவைத் தடுக்க முடியவில்லையே என்று நீங்கள் வருந்தத் தேவையில்லை. சண்டையைக் குறைக்க முடிந்தாலே குழந்தைக்குப் பெரிய உதவி செய்தவராகிறீர்கள்.

பேச உட்காருவதற்கு முன்

எல்லாப் பிணக்கும் பேசித் தீர்க்கத் தக்கதல்ல. அடி உதை, கொலை மிரட்டல், குடித்துவிட்டு வந்து ரகளை, வேலை செய்யும் இடம்வரை பின்தொடர்தல் ஆகியவை இருந்தால் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்கக் கூடாது. பயந்து போயிருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. இதைக் கண்டுகொள்ள வேண்டுமானால், இருவரையும் முதலில் தனித்தனியாகச் சந்தித்து, "அவர் எதிரில் மனதில் உள்ளதைச் சொல்ல உங்களுக்குப் பயம் உண்டா? சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்டுவிட வேண்டும். வன்முறை இருப்பது தெரிந்தால் உங்கள் வேலை சமரசம் பேசுவதல்ல, பாதுகாப்புக்கு வழி காட்டுவது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ் குழந்தையைத் தற்காலிகமாக யார் வைத்துக்கொள்வது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு என்று கருதினால் அதை மறுக்கவும் செய்யலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. குழந்தையிடம் யாரேனும் பாலியல் அத்துமீறல் செய்திருப்பதாகத் தெரிய வந்தால், குடும்ப மானம் கருதி அதை உள்ளேயே பேசி முடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதை அறிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

அத்தகைய ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகு, உங்கள் சொந்த நிலையைப் பாருங்கள். பெண்ணின் அண்ணன் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்கு அவர் பெண் வீட்டுக்காரர்தான். அதை மறைக்க முயல்வதைவிட வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, எதிர்த் தரப்பிலிருந்தும் அவர்கள் மதிக்கும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு இருவராகப் பேசுவது நல்லது. இரு தரப்பிலும் ஒருவருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் பாய் விரித்து உட்காரும் பஞ்சாயத்தில், அம்மாவும் அப்பாவும் குழந்தையைப் பற்றிப் பேசுவதைவிடச் சபையில் முகம் காப்பாற்றிக்கொள்வதிலேயே கவனமாக இருப்பார்கள். தம் உறவினர் முன்னிலையில் ஓர் அங்குலம்கூட இறங்கிவர மாட்டாத ஒருவர், தனியாகக் கேட்டால் தாமாகவே முன்வந்து விட்டுக்கொடுப்பதைப் பல குடும்பங்களில் காணலாம்.

தனித்தனிச் சந்திப்பில் அதிகம் கேளுங்கள், குறைவாகப் பேசுங்கள். யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்லும்படி இருவருமே உங்களை நெருக்குவார்கள். "அதை முடிவு செய்ய நான் வரவில்லை, பாப்பாவுக்கு இப்போது எது கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் அங்கேயே திரும்பி வாருங்கள். நகை, சீர்வரிசை, கல்யாணச் செலவு, வாங்கிய கடன் ஆகியவை பேச்சில் நுழையும்போது, அவை முக்கியமானவைதான் என்று ஒப்புக்கொண்டே, அவற்றுக்கு வேறொரு நாள் குறியுங்கள். நகையைத் திருப்பித் தந்தால்தான் குழந்தையைக் காட்டுவோம் என்ற வாக்கியம் எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும் அதை அந்த இடத்திலேயே நிறுத்துவது உங்கள் கடமை. குழந்தை எந்தக் கணக்குக்கும் அடமானப் பொருள் அல்ல.

குழந்தையின் வாரத்தைத் தாளில் எழுதுதல்

இருவரும் சேர்ந்து அமர்ந்ததும், பொதுவான வாக்குறுதிகளை நம்பாதீர்கள். "எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளட்டும்" என்பது பெருந்தன்மையாகத் தோன்றினாலும், அடுத்த மாதம் சண்டைக்கு வழிவிடுவது அந்த வாக்கியம்தான். எப்போது வேண்டுமானாலும் என்றால், கேட்கும்போதெல்லாம் அனுமதி கேட்க வேண்டும், மறுக்கும்போதெல்லாம் காரணம் சொல்ல வேண்டும் என்றாகிவிடும். ஒரு தாளை எடுத்து ஏழு நாட்களையும் எழுதி, ஒவ்வொரு நாளும் குழந்தை காலை எழுவதிலிருந்து இரவு தூங்கும்வரை எங்கே இருக்கிறது, யார் பள்ளியில் விடுகிறார், டியூஷன் எப்போது, நடன வகுப்பு எப்போது என்று முதலில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். இந்தத் தாளை நிரப்பும்போதே பல வீடுகளில் குரல் தணிகிறது. காரணம், வெகு நாட்களுக்குப் பிறகு இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசாமல் மூன்றாவதாக ஒருவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி தாம்பரத்தில் அம்மாவுடன் இருக்கிறாள், அப்பா வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு அப்பாவுடன் இருக்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். இத்தோடு பேச்சு முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது, இங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது. சனி காலை எத்தனை மணிக்கு? அப்பா படியேறி வீட்டுக்குள் வரலாமா, கீழே நிற்க வேண்டுமா? வரத் தாமதமானால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, யாருக்குப் போன் செய்வது? அப்பாவுக்கு வேலை வந்துவிட்டால் அவருடைய அம்மா வந்து அழைத்துப் போகலாமா? குழந்தைக்கு இழுப்பு வரும் என்றால் இன்ஹேலர் பையில் வருமா, அப்பா வீட்டிலும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வாரா? ஞாயிறு மாலை திரும்பும்போது வீட்டுப்பாடம் முடிந்திருக்க வேண்டுமா? திங்கட்கிழமைக்கான சீருடையும் காலணியும் எந்த வீட்டில் இருக்கும்? சிறிய விஷயங்கள் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் கைமாற்றும் வாசலில் வெடிக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சிறு விஷயங்களிலிருந்தே கிளம்புகின்றன. அந்த வாசலில் பையை மாட்டிக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்பது குழந்தை.

அந்த வாசலையே தவிர்க்க ஒரு வழி உண்டு. வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது அப்பா நேரே பள்ளியிலிருந்து அழைத்துக்கொள்வது, திங்கள் காலை அவரே பள்ளியில் கொண்டுபோய் விடுவது என்று வைத்தால், பெற்றோர் இருவரும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தைக்கும் ஒருவரை விட்டு ஒருவரிடம் போகிறோம் என்ற உறுத்தல் குறைகிறது. இதற்குப் பள்ளி நிர்வாகத்திடம் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்து, யார் யார் குழந்தையை அழைத்துச் செல்லலாம் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு இருவருக்கும் அழைப்பு வர வேண்டும், மதிப்பெண் அட்டையின் நகல் இருவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடலாம்.

வயதையும் கருத வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை இரண்டு நாட்கள் பிரித்து அனுப்புவது சரியல்ல. அவ்வயதில் வாரத்துக்கு மூன்று நான்கு முறை ஓரிரு மணி நேரம், அது பழகிய இடத்திலேயே அப்பா வந்து கொஞ்சிவிட்டுப் போவதுதான் பந்தத்தை வளர்க்கும். ஐந்து, ஆறு வயதில் ஓர் இரவு தங்கிப் பழகலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதன் நண்பர்கள், கிரிக்கெட் பயிற்சி, தேர்வு எல்லாம் இருக்கும். அந்த அட்டவணைக்குப் பெற்றோர்தான் வளைந்து கொடுக்க வேண்டும்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பெற்றோருக்குத் தொலைபேசிதான் வாசல். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வீடியோ அழைப்பு என்று குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் மற்றவர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும், ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கவோ பதிவு செய்யவோ கூடாது என்பதையும் எழுத்தில் வைத்துவிடுங்கள்.

பண்டிகையும் சடங்கும்

நம் குடும்பங்களில் அதிகப் புண்படுத்துவது தீபாவளியும் பொங்கலும் காதுகுத்தும்தான் என்பதால் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தீபாவளி ஓராண்டு அம்மா வீட்டில் என்றால் அவ்வாண்டுப் பொங்கல் அப்பா வீட்டில், அடுத்த ஆண்டு மாற்றி என்று வைக்கலாம். அருகருகே வசிப்பவர்கள் தீபாவளிக் காலை எண்ணெய்க் குளியல் ஒரு வீட்டில், மாலை மத்தாப்பு இன்னொரு வீட்டில் என்றும் பிரித்துக்கொள்ளலாம். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இதே முறை பொருந்தும். குழந்தையின் பிறந்த நாளில் இருவரும் ஓர் இடத்தில் இருந்தால் சண்டை வரும் என்றால் இரண்டு கேக் வெட்டட்டும், தவறில்லை. கோடை விடுமுறையைப் பாதியாகப் பிரிக்கும்போது, ஊர்த் திருவிழா எந்த வாரத்தில் வருகிறது, தாத்தா பாட்டி ஊருக்கு எப்போது போவது என்பதை ஏப்ரல் மாதத்திலேயே கேட்டு எழுதிவிடுங்கள்.

குலதெய்வக் கோவிலில் மொட்டை போடுவதும் காது குத்துவதும் அப்பா வழியில் நடப்பது, ஆனால் மடியில் உட்கார வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். ஒரு வீட்டார் மற்றவரைக் கூப்பிடாமல் முடித்துவிட்டால் அந்தக் கசப்பு பத்து ஆண்டு ஆனாலும் போகாது. பெண் பிள்ளை வயதுக்கு வரும்போது சீர் கொண்டுவருவது யார், பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்பதில் இரு குடும்பமும் மோதிக்கொண்டு, அந்தப் பெண் ஓர் அறையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் நிலை வரக் கூடாது. அப்படியொரு விழா வேண்டுமா என்பதையே முதலில் அவளிடம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேண்டும் என்று அவள் சொன்னால், இரு வீட்டாரும் ஒரு பொழுது வந்து நின்றுவிட்டுப் போவது எப்படி என்று ஒரு மாதம் முன்பே இருவரிடமும் பேசி வைப்பது நடுவில் நிற்பவரின் வேலை.

செய்தி அனுப்பும் முறை

ஒப்பந்தம் நிலைப்பதும் உடைவதும் பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில்தான். கோபத்தில் இருப்பவர் எழுதும் செய்தி பொதுவாக இப்படி இருக்கும்: "உன் இஷ்டத்துக்கு வர்ற, உன் இஷ்டத்துக்குப் போற. போன தடவையும் இதே கதைதான். உங்க அம்மா சொல்லிக் கொடுத்துத்தானே இப்படி ஆடற? இந்த வாரம் அனுப்ப முடியாது, கோர்ட்ல பாத்துக்கலாம்." இதில் சொல்ல வந்த சேதி ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை காலை குழந்தைக்கு அபாகஸ் தேர்வு இருக்கிறது. அதையே இப்படி எழுதலாம்: "இந்தச் சனிக்கிழமை காலை 9 முதல் 12 வரை பாப்பாவுக்கு அபாகஸ் தேர்வு. மதியம் 12.30க்குத் தேர்வு நடக்கும் பள்ளிக்கே வந்து அழைத்துக்கொள்ள முடியுமா? அதற்குப் பதிலாக ஞாயிறு 5 மணிக்கு இல்லாமல் 8 மணிக்குக் கொண்டுவந்து விட்டால் போதும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள்."

இரண்டாவது செய்தியில் ஒரே விஷயம் இருக்கிறது. பழைய கதை இல்லை, மூன்றாம் மனிதரைப் பற்றிய பேச்சு இல்லை. நாளும் நேரமும் தெளிவாக இருக்கின்றன, மாற்று வழி இருக்கிறது, பதில் எப்போது வேண்டும் என்பதும் இருக்கிறது. முதல் சில வாரங்களுக்கு இருவரும் செய்தியை அனுப்பும் முன் உங்களுக்கு அனுப்பட்டும். குத்தலான வரிகளை நீக்கித் திருப்பி அனுப்புங்கள். பிறகு அவர்களுக்கே பழகிவிடும். ஒருமையில் பேசிப் பழகிய தம்பதியர்கூடச் செய்தியில் பன்மைக்கு மாறினால் சூடு கணிசமாகக் குறைகிறது. இரவு 9 மணிக்கு மேல் அவசரம் இல்லாத செய்தி வேண்டாம். எழுதிய கோபச் செய்தியைக் காலையில் இன்னொரு முறை படித்துப் பார்த்து அனுப்பட்டும். மிக முக்கியமாக, குழந்தையின் வாயில் சேதி சொல்லி அனுப்பக் கூடாது. "அப்பாகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு" என்று சொல்லி அனுப்பப்படும் எட்டு வயதுக் குழந்தை, அங்கே கிடைக்கும் எரிச்சலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது.

குழந்தையிடம் சொல்ல வேண்டியதும் கேட்கக் கூடாததும்

பிரிந்ததைக் குழந்தையிடமிருந்து மறைத்து, "அப்பா வேலை விஷயமா வெளியூர் போயிருக்காங்க" என்று மாதக் கணக்கில் சொல்லும் வீடுகள் உண்டு. குழந்தைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்; கூடவே, தன்னால்தான் இப்படி ஆனது என்று தாமாகவே ஒரு காரணத்தையும் கற்பித்துக்கொள்கிறார்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து, முடியாவிட்டால் தனித்தனியே ஆனால் ஒரே சொற்களில், இவ்வளவு சொன்னால் போதும்: "அம்மாவும் அப்பாவும் இனி வேறு வேறு வீட்டில் இருக்கப் போகிறோம். இது பெரியவர்கள் விஷயம், நீ செய்த எதனாலும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் உனக்கு அம்மா அப்பாதான்." யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்பதைக் குழந்தை தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

அப்பா வீட்டிலிருந்து திரும்பியதும் "அங்க யார் யார் வந்தாங்க, என்ன சாப்பிட்ட, என்னைப் பத்தி என்ன சொன்னாங்க" என்று துருவிக் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அடிக்கடி இப்படிக் கேட்கப்படும் குழந்தை, ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டாருக்குப் பிடித்ததையே சொல்லப் பழகிக்கொள்கிறது. அதைக் கேட்டு இரு வீட்டாரும் தத்தம் சந்தேகத்துக்குச் சான்று கிடைத்ததாக நினைக்கிறார்கள். "உனக்கு அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" என்ற கேள்வியைப் பெற்றோர் மட்டுமல்ல, தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டார், விசேஷத்துக்கு வந்த உறவினர் எவரும் கேட்கக் கூடாது. இதை உறவினரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் பெற்றோருக்கு இருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குழந்தை ஒரு நாள் போக மாட்டேன் என்று அழுதால், மறுபக்கத்தில் ஏதோ கொடுமை நடக்கிறது என்றோ, இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றோ உடனே முடிவுகட்டாதீர்கள். விளையாட்டை விட்டுவர மனமில்லாமல் இருக்கலாம். அங்கே ஒரு நாய்க்குப் பயமாக இருக்கலாம். அம்மா தனியாக இருப்பாளே என்ற கவலையாகவும் இருக்கலாம். அவசரப்படாமல் இரண்டு மூன்று முறை வெவ்வேறு நேரத்தில் பேசிப் பாருங்கள். மறுப்பு வாரக் கணக்கில் தொடர்ந்தாலும், படுக்கையை நனைத்தல், சாப்பிட மறுத்தல், பள்ளிக்குப் போக அடம் போன்றவை சேர்ந்து வந்தாலும் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு உண்டு.

பணம்

குழந்தையைப் பார்ப்பதும் குழந்தைக்குப் பணம் தருவதும் ஒன்றுக்கொன்று நிபந்தனை அல்ல. பணம் தரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருக்கக் கூடாது. காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் கூடாது. கட்டணத்தை அப்பா நேரே பள்ளிக்குச் செலுத்தி ரசீதை அனுப்புவது, மருத்துவச் செலவை வருமானத்துக்கு ஏற்றபடி இன்ன விகிதத்தில் பகிர்வது, மாதச் செலவுக்கான தொகை ஒவ்வொரு மாதமும் குறித்த தேதிக்குள் வங்கிக் கணக்கில் விழுவது என்று எழுதினால் கேட்டு வாங்கும் அவமானமும் கொடுத்துச் சொல்லிக்காட்டும் பேச்சும் இல்லாமல் போகும். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால், 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் மனைவியும் குழந்தைகளும் ஜீவனாம்சம் கோரலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது இதுவே. இடைக்காலத் தொகைக்கான மனுவை நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து கூடுமானவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தத்தம் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கட்டளையிட்டது.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது

நடுவில் நிற்பவர் வழக்கறிஞராக வேண்டியதில்லை. ஆனால் இரு தரப்பும் தவறான சட்டத்தைச் சொல்லி ஒருவரை ஒருவர் பயமுறுத்தும்போது திருத்தும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அப்பாவுக்குத்தான் உரிமை" என்பதும் "குழந்தை என்றால் அம்மாவுக்குத்தான்" என்பதும் முழு உண்மையல்ல. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதத்தக்கது குழந்தையின் நலன் என்கிறது. தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக, அதாவது நீதிமன்றம் நியமிக்காமலே குழந்தைக்குப் பொறுப்பானவராக, செயல்படலாம் என்பதை கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் தெளிவுபடுத்தியது. எல்லா மதத்தவருக்கும் பொருந்தும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டமும் நலனையே பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்றும் கூறுகிறது. ஒரு பெற்றோரிடம் வளரும் குழந்தைக்கு மற்றவரின் அன்பும் தொடர்பும் கிடைக்க வேண்டும், நேரில் முடியாதபோது வீடியோ அழைப்பிலாவது பேச வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வழங்கிய ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியது. இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைச் சட்டமாக்கலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில் 2015இல் பரிந்துரைத்தது.

நீங்கள் எழுதிய தாள் நல்ல தொடக்கம். ஆனால் பத்திரத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே அது நீதிமன்ற உத்தரவு ஆகிவிடாது. "இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்று தாய் எழுதிக்கொடுத்தாலும் குழந்தையின் உரிமை அதனால் போய்விடாது. எனவே பேசி முடித்ததை வழக்கறிஞரிடம் காட்டி, வழக்கு நிலுவையில் இருந்தால் ஜாயின்ட் மெமோவாக, அதாவது இருவரும் கையெழுத்திட்ட கூட்டுக் குறிப்பாக, குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாகப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து மனு என்றால் அதிலேயே குழந்தை பற்றிய விதிகளைச் சேர்த்துவிடலாம். உங்கள் பேச்சு பாதியில் நின்றுவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சமரசத்துக்கு முதலில் முயல வேண்டிய கடமையை நீதிமன்றத்துக்கே விதிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் தொடங்கப்பட்ட சமரச மையத்தைத் தொடர்ந்து மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் இயங்குகின்றன; பயிற்சி பெற்ற சமரசர் முன் சொல்லப்படுபவை ரகசியமாக வைக்கப்படும், பின்னர் அவற்றை வழக்கில் சான்றாகப் பயன்படுத்த முடியாது. வழக்கறிஞருக்குத் தர வசதி இல்லை என்று தயங்குபவருக்கு, பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பதையும், அதற்கான எண் 15100 என்பதையும் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் உடையும்போது

முதல் இரண்டு மாதங்களில் ஏதாவது ஒன்று மீறப்படும். மழையில் ரயில் நின்று அப்பா ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். அம்மா சொல்லாமல் ஊருக்கு அழைத்துப் போய்விடுவார். ஒரு மீறலுக்காக முழுத் தாளையும் கிழிக்க விடாதீர்கள். தவறியது எது, ஏன், அதற்கு ஈடாக எந்த நாள் என்று மட்டும் பேசுங்கள். அதே மீறல் மீண்டும் மீண்டும் நடந்தால், அந்த விதி நடைமுறைக்கு ஒவ்வாததா, வேண்டுமென்றே மீறப்படுகிறதா என்று பாருங்கள். ஒவ்வாதது என்றால் விதியை மாற்றுங்கள். வேண்டுமென்றே என்றால் நீதிமன்றத்தை அணுகச் சொல்லிவிட்டு, அதற்குள் குழந்தையை வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போகும் வேலையில் எவரும் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில திருப்பங்களை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகும்போதும், பள்ளியை மாற்ற நினைக்கும்போதும், குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் மற்றவருக்கு எவ்வளவு காலம் முன்பே சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். மறுமணம் நடந்தால் புதிதாக வரும் துணையைக் குழந்தை எப்போது, எப்படிச் சந்திக்கும், அவரை என்ன முறை வைத்து அழைக்கும் என்பதைக் குழந்தையின் போக்குக்கு விடுங்கள். அம்மா, அப்பா என்று கூப்பிடும்படி வற்புறுத்த வேண்டாம்.

குழந்தை வளர வளரத் தாளும் மாற வேண்டும். குழந்தையைக் குறித்த நீதிமன்ற உத்தரவைக்கூட நிலைமை மாறினால் மனுச் செய்து மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம், பள்ளி திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் மூவரும் உட்கார்ந்து அந்த ஆண்டுக்கான அட்டவணையைத் திருத்துங்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் அதற்கு முந்தைய வாரமே எது வசதி, எது சிரமம் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதை உங்கள் வாயால் இருவரிடமும் சொல்லுங்கள். யாருக்கு எதிராகச் சொன்னோம் என்ற பாரம் பிள்ளைக்கு இருக்காது. உங்களைக் கேட்காமலே அவர்கள் இருவரும் ஒரு சனிக்கிழமையை மாற்றிக்கொண்டார்கள் என்று தெரிய வந்தால், செய்திக் குழுவிலிருந்து நீங்கள் விலகிக்கொள்ளலாம். மே மாதச் சந்திப்புக்கு மட்டும் தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.